நிற்கும் வண்டியில் குடியேறும் பூச்சிகள்

மழைக்காலம் முடிந்து களை எடுக்கும் வேலை தொடங்குகிறது. கொட்டகையில் மூன்று மாதம் சும்மா கிடந்த பவர் வீடரை வெளியே தள்ளிக்கொண்டு வந்து கயிற்றை இழுக்கிறார் விவசாயி. இரண்டாவது இழுப்பிலேயே இன்ஜின் ஓடத் தொடங்குகிறது. ஐந்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு திணறித் திணறி நின்றுவிடும். சற்று நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பிளக்கை மாற்றிப் பார்த்தாயிற்று. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. பெட்ரோலையும் புதிதாக ஊற்றியாயிற்று. கோளாறு மட்டும் போகவில்லை.

அனுபவப்பட்ட மெக்கானிக் இந்த அறிகுறிகளைக் கேட்டதும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத்தான் திறப்பார். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் கோளாறு பிடிபட்டுவிட்டது. மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைபட்டால் டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். இன்ஜின் பட்டினியில் அணைந்துவிடும். மூடியைப் புரட்டிப் பார்த்தால் அந்தத் துளையில் காய்ந்த மண் கெட்டியாகப் பூசப்பட்டிருக்கும். பூசியது ஒரு குளவி.

சிறு இன்ஜின்கள், மொபெட்டுகள், சரக்கு ஏற்றும் குட்டி வண்டிகள், டிராக்டர்கள், கிணற்று மோட்டார்கள் என எல்லாவற்றிலும் பூச்சிகளால் வரும் கோளாறுகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு செய்தி இருக்கிறது. பெரும்பாலும் பூச்சி வருவது ஓடுகிற இன்ஜினைத் தேடி அல்ல. நிற்கிற இன்ஜினைத் தேடித்தான். அதுவும் கண்டபடி வருவதில்லை. ஒன்று துளையைத் தேடி வருகிறது, இன்னொன்று வாசனையைத் தேடி வருகிறது, மற்றொன்று ஒதுங்க இடம் தேடி வருகிறது. எது எதைத் தேடுகிறது என்று தெரிந்துகொண்டால் மருந்து அடிக்காமலே பெரும்பாலான கோளாறுகளைத் தடுத்துவிடலாம்.

துளை தேடும் குளவி

வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் நூல் போன்ற இடுப்புடன் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு குளவி தலை குனிந்து வேலை செய்வதைப் பலரும் பார்த்திருப்போம். நம் ஊரில் சாதாரணமாகத் தென்படும் மண்குளவிக்கு அறிவியலில் செலிஃப்ரான் மதராஸ்பட்டானம் என்று பெயர். தாய்க் குளவி வாயால் மண்ணைக் குடைந்து மிளகளவு உருண்டையாக்கி எடுத்துப் பறக்கிறது. கூடு கட்டும் இடத்தில் அந்த மண்ணை வைத்து, உடலை அதிரவைத்து ரீங்காரமிட்டபடியே பூசுகிறது. அந்த அதிர்வில் மண் இளகிப் படிந்து, காய்ந்ததும் இறுகிப்போகிறது. ஒவ்வொரு அறையிலும் கொட்டி மயங்கவைத்த சிலந்திகளை அடுக்கி, ஒரே ஒரு முட்டையிட்டு மண்ணால் மூடிவிடுகிறது. குஞ்சுப் புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பிறகு மண் மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும்.

செலிஃப்ரான் கூடு கட்டுவது சுவர், உத்தரம், வண்டியின் சீட்டுக்கு அடிப்பக்கம், இன்ஜின் உறையின் உட்பக்கம் போன்ற நிழலான பரப்புகளில். காற்றால் குளிர்கிற இன்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றுக்கு நடுவே மண் அடைந்தால் அந்தப் பக்கம் சூடு வெளியேறாது. மேலே பிளாஸ்டிக் உறை மூடியிருப்பதால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. பிஸ்டன் பிடித்துக்கொண்ட பிறகுதான் உறையைக் கழற்றுவார்கள்.

இதைவிடச் சின்னதான துளைக் குளவிகளின் வழக்கம் வேறு. இவை வெளியில் கூடு கட்டுவதில்லை. இயற்கையில் பட்ட மரத்தில் வண்டு குடைந்த துளை, உள்ளே வெற்றிடமாக இருக்கும் நாணல் தண்டு என ஆயத்தமாகக் கிடைக்கும் இடத்தைப் பிடித்து, உள்ளே புழுக்களையோ சிலந்திகளையோ நிரப்பி, வாயை மட்டும் மண்ணால் அடைத்துவிடும். இலைவெட்டித் தேனீக்களும் அப்படித்தான். மண்ணுக்குப் பதிலாக வட்டமாக வெட்டிய இலைத்துண்டுகளைச் சுருட்டித் திணிக்கும். தன் உடம்பு நுழையும் அளவு, மறுமுனையில் வெளிச்சம் தெரியாத இருட்டு, மழை படாத வறட்சி ஆகிய மூன்றும் அமைந்தால் அவற்றுக்கு அது வீடு. கார்புரேட்டரிலிருந்து கீழே தொங்கும் வழிவுக் குழாய், இன்ஜின் ஆயில் அறையின் மூச்சுக் குழாய், மருந்தடிக்கும் கருவியின் நாசில், மூடி போடாமல் விட்ட டிராக்டர் ஹைட்ராலிக் இணைப்பு என எல்லாமே இந்தக் கணக்கில் வந்துவிடும். மூச்சுக் குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் வழியாகப் பிதுங்கும். சீலை மாற்றுவார்கள், பத்து நாளில் மறுபடி ஒழுகும். காரணம் ஒரு சிட்டிகை மண்ணாக இருக்கும்.

விமானத்தையும் விடவில்லை

இதே குணம் விமானங்களில் என்ன செய்யும் என்பதை உலகம் 1996-இல் பார்த்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பர்ஜன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விமானம், சில நிமிடங்களில் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. இருந்த 189 பேரும் இறந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்க, முகப்பில் பிட்டோ குழாய் என்ற சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் புகும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகம் கணக்கிடப்படுகிறது. தலைமை விமானியின் பக்கத்துக் குழாய் அடைபட்டிருந்ததால் தவறான வேகம் காட்டி, விமானிகளைக் குழப்பிவிட்டது. கிளம்புவதற்கு முன் அந்த விமானம் பல நாட்கள் குழாய்களுக்கு உறை போடாமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. குழாய்கள் கடலிலிருந்து மீட்கப்படவில்லை. ஆயினும் மண்குளவியின் கூடுதான் அடைத்திருக்க வேண்டும் என்று புலனாய்வாளர்கள் கருதினார்கள்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் இந்தப் பிரச்சினை இன்னும் தெளிவாக ஆராயப்பட்டது. 2013 நவம்பரில் அங்கிருந்து கிளம்பிய ஓர் ஏர்பஸ் ஏ330 விமானம் வேகமானிக் கோளாறால் உடனே திரும்பி வந்தது. சுமார் இரண்டு மணி நேரமே தரையில் நின்ற அந்த விமானத்தின் பிட்டோ குழாய்க்குள் மண் இருந்தது. அங்கே புகுந்தது தென், மத்திய அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய சாவித்துளைக் குளவி. ஆலன் ஹவுஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் பல வகை விமானங்களின் பிட்டோ குழாய்களை முப்பரிமாண அச்சில் வார்த்து விமான நிலையத்தைச் சுற்றிப் பொருத்தி, 39 மாதங்கள் கவனித்தார்கள். 93 முறை குழாய்கள் முழுவதுமாக அடைக்கப்பட்டிருந்தன. 2020-இல் வெளியான இந்த ஆய்வின் சாரம் எளிமையானது: விமானம் தரையைத் தொட்டதும் குழாய்க்கு உறை போட வேண்டும். கொட்டகையில் நிற்கும் பவர் வீடருக்கும் மருந்து இதுவே.

குளவிக்குத் தோழனாக ஒரு சிலந்தியும் உண்டு. சிலந்தி எட்டுக்கால் உயிரி, பூச்சி இனத்தில் சேராது; ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான். 2011-இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற மாஸ்டா-6 கார்களில் சுமார் 65,000-ஐத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவின் காற்றுக் குழாயில் மஞ்சள் பைச்சிலந்தி வலை பின்னியிருந்தது. காற்று போகாததால் டேங்குக்குள் அழுத்தம் குறைந்து, டேங்கே விரிசல் விடும் அபாயம் இருந்தது. 2014-இல் இதே காரணத்துக்காக இன்னும் 42,000 கார்கள் அழைக்கப்பட்டன. பவர் வீடரின் மூடித் துளையில் நடந்ததும் அமெரிக்கக் காரில் நடந்ததும் ஒரே இயற்பியல்தான். இன்று நம் பிஎஸ்-6 பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் அந்தக் கரி டப்பா இருக்கிறது. அதற்கும் வெளிக்காற்றைத் தொடும் ஒரு குழாய் முனை இருக்கிறது.

சாராய வாசனை தேடும் வண்டு

குளவியும் சிலந்தியும் வழியை அடைப்பவை. வழியில்லாத இடத்தில் வழி உண்டாக்குகிற பூச்சியும் இருக்கிறது. அதுதான் இனி நாம் அதிகம் கவனிக்க வேண்டியது.

2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு விநோதமான செய்தியைக் கிறிஸ்டோபர் கார்ல்டன், விக்டோரியா பேலெஸ் என்ற பூச்சியியலாளர்கள் பதிவு செய்தார்கள். பெட்ரோல் சேமித்து வைத்திருந்த பிளாஸ்டிக் கேன்களைச் சிறு வண்டுகள் துளைத்திருந்தன. அவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, ஆசியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த ஒரு வகைத் துளைவண்டு. மரம் குடைந்து வாழும் வண்டுக்குப் பெட்ரோல் கேனில் என்ன வேலை?

இந்த வகை வண்டுகள் மரத்தைத் தின்பதில்லை. மரத்துக்குள் சுரங்கம் தோண்டி, தங்கள் உடலில் உள்ள சிறு பையில் சுமந்து வந்த பூஞ்சையை அதன் சுவரில் விதைத்து வளர்க்கின்றன. அந்தப் பூஞ்சையே தாய்க்கும் குஞ்சுகளுக்கும் உணவு. நல்ல வலுவுடன் நிற்கும் மரம் இவற்றை எதிர்க்கும். நலிந்த மரம்தான் இவற்றுக்கு ஏற்றது. வேரில் நீர் தேங்கி மூச்சு முட்டும்போதும், கடுமையாக வாடும்போதும் மரத்தின் திசுக்களில் எத்தனால் உண்டாகிறது. அதாவது சாராயம். அந்த வாசனையை வைத்துத்தான் பெண் வண்டு நலிந்த மரத்தைக் கண்டுபிடிக்கிறது. வாசனை வெறும் வழிகாட்டி மட்டுமல்ல. எத்தனால் இருக்கும் மரத்தில் வண்டின் பூஞ்சை செழித்து வளர்கிறது, போட்டிக்கு வரும் மற்ற பூஞ்சைகள் அடங்கிப்போகின்றன என்பதை கிறிஸ்டோபர் ரேஞ்சர் குழுவினர் 2018-இல் நிறுவினார்கள். சாராயம்தான் இந்த வண்டுகளின் தோட்டத்துக்குக் களைக்கொல்லி.

நம் மலைத்தோட்டங்களுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தேயிலைச் செடியின் கிளைகளைக் குடையும் துளைவண்டு பழைய எதிரி. இந்தியாவில் முதன்முதலாக 1990-இல் கூடலூர்ப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட காப்பிக்காய்த் துளைப்பானும் இவற்றுக்கு உறவுதான். காப்பித் தோட்டங்களில் அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளில் எத்தனாலும் மெத்தனாலும் கலந்த கரைசல்தான் தூண்டில். ஆகவே, சாராய வாசனைக்கு இவை பறந்து வரும் என்பது தோட்டக்காரர்கள் கையாலேயே பயன்படுத்தும் அறிவு.

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். கரும்புக் கழிவிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுத்த எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கும் திட்டத்தில் இந்தியா 2022-இல் 10 விழுக்காட்டைத் தொட்டது. 20 விழுக்காடு கலந்த ஈ-20 பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, இன்று நாடெங்கும் விற்கிறது. ரப்பர் குழாய் வெளிப்பார்வைக்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரிபொருளின் ஆவி அதன் சுவர் வழியாக மெதுவாகக் கசியும். எத்தனால் கலந்தால் சாதாரண ரப்பரில் இந்தக் கசிவு கூடும். மனித மூக்குக்கு எட்டாத அந்த வாசனை வண்டுக்கு எட்டும். இருட்டான இன்ஜின் அறை, சாராய வாசனை வீசும் வளைந்த தண்டு. வண்டின் கணக்கில் அது நலிந்த மரக்கிளை.

கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் கார்களின் பெட்ரோல் குழாயில் ஊசியால் குத்தியதுபோலத் துளைகள் இருப்பதாகவும், வண்டுகளே அவற்றைப் போட்டதாகவும் செய்திகள் வந்தன. இது அலட்சியப்படுத்தக்கூடிய சேதி அல்ல. கார்புரேட்டர் வண்டியில் அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் சொட்டும். எரிபொருளை அழுத்திப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியில் நுண்திவலைகளாகச் சிதறும். சூடான சைலன்சரோ ஒரு மின்பொறியோ பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்க அதுவே போதும்.

குழாயைப் பார்க்கும்போது என்ன தேட வேண்டும்? முதுமையால் வரும் வெடிப்பு நீளவாக்கிலோ, வளைவில் வலைபோலவோ இருக்கும். எலி கடித்தால் இரண்டு பற்களின் தடமும் ரப்பர்த் துணுக்குகளும் இருக்கும். வண்டு போட்ட துளை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில், துரப்பணத்தால் போட்டதுபோல் சுத்தமான வட்டமாக இருக்கும். ஒரே குழாயில் இரண்டு மூன்று துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவும் கூடும்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு

எறும்பின் கதை வேறு. தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க நல்ல இடம். உள்ளே கான்டாக்டரில் மின் முனைகள் விலகி நிற்கும் இடைவெளியில் எறும்பு நடமாடும். பொத்தானை அழுத்தும்போது முனைகள் சேர்ந்து அதை நசுக்கும். நசுங்கிக் கருகிய உடல்கள் முனைகளுக்கு நடுவே படிந்தால் மூன்று பேஸில் ஒன்று சரியாகச் சேராது. மோட்டார் இரண்டு பேஸில் முனகிக்கொண்டே சூடேறி, காயில் கருகும். காயிலைத் திரும்பக் கட்டும் செலவும், தண்ணீர் இல்லாமல் பயிர் வாடும் நாட்களும் ஒரு கைப்பிடி எறும்பால் வருபவை.

ஒன்று செத்தால் மற்றவை ஓட வேண்டாமா, ஏன் மேலும் மேலும் வருகின்றன? அமெரிக்க வேளாண் துறையின் ராபர்ட் வாண்டர் மீரும் மற்ற ஆய்வாளர்களும், தென் அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே பரவிய செந்நெருப்பெறும்புகளை வைத்து 2002-இல் இதற்கு விடை சொன்னார்கள். மின் அதிர்ச்சி பட்ட எறும்பு விஷத்தையும் எச்சரிக்கை மணங்களையும் வெளியிடுகிறது. அந்த மணம் கூட்டாளிகளை அங்கேயே இழுக்கிறது. வந்தவற்றுக்கும் அதிர்ச்சி, அவையும் மணம் விடுகின்றன. டெக்சாஸில் ஹூஸ்டன் நகரத்தைச் சுற்றி 2002 முதல் பெருகிய ஒரு வகைப் பைத்திய எறும்பு, மின்பெட்டிகளையும் பம்புகளையும் இப்படியே முடக்கியிருக்கிறது. ஆகவே பெட்டிக்குள் எறும்புப் பிணங்களை விட்டுவைக்கக் கூடாது. கம்பி நுழையும் துளையைச் சுற்றியுள்ள சிறு சந்தை அடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

செய்ய வேண்டியவை

நிறுத்திவைக்கும் நாளன்றே வேலை தொடங்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்று தெரிந்தால் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மீதம் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். சைலன்சர் வாயையும் காற்று உறிஞ்சும் வாயையும் துணியால் அடைத்து, கண்ணில் படும்படி ஒரு சிவப்பு நாடாவைத் தொங்கவிடுங்கள். விமானக் குழாய் உறைகளில் சிவப்புப் பட்டை தொங்குவது, ஓட்டுவதற்கு முன் கழற்ற மறக்காமல் இருக்கத்தான்.

காற்றுத் துளைகளை ஒருபோதும் மெழுகோ டேப்போ வைத்து நிரந்தரமாக அடைக்காதீர்கள். குளவி செய்த வேலையை நாமே செய்ததாகிவிடும். குழாய் முனைகளில் நுண்ணிய பித்தளை வலையைக் கட்டுங்கள், காற்று போகும், பூச்சி போகாது. அடைபட்ட துளையைக் கம்பியால் குத்தாமல், ஈரப்படுத்தி மண்ணை இளக்கி, காற்றடித்து வெளியேற்றுங்கள். கம்பி உள்ளே தள்ளிய மண் கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். ஜெட்டையே குத்தினால் அதன் துளை அகன்று, வண்டி அதிகம் பெட்ரோல் குடிக்கும். ரேடியேட்டர் முகப்பில் ஒட்டிய ஈசலையும் பூச்சிகளையும் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முன்னாலிருந்து பீய்ச்சினால் அவை தகடுகளுக்குள் இன்னும் ஆழமாகப் போய் அடையும்.

பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேயைச் சூடான இன்ஜின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்த டப்பாக்களில் பலவற்றில் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது. ஸ்டார்ட்டர் பெட்டியை மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே திறந்து சுத்தம் செய்யுங்கள். குளவிகளை அழிக்கவும் வேண்டியதில்லை. துளைக் குளவிகளில் பல, நம் காய்கறித் தோட்டத்துப் புழுக்களைப் பிடித்துத்தான் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. கொட்டகை ஓரத்தில் துளையுள்ள நாணல் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டால் அவை அங்கேயே கூடு வைத்துக்கொள்ளும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இனி நம்மோடு இருக்கப்போவது. அதற்கேற்ற, ஆவி கசியாத குழாய்களைத் தயாரிப்பாளர்கள் பழைய வண்டிகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வட்டத் துளை விழுந்த பெட்ரோல் குழாய் கையில் கிடைத்தால் குப்பையில் எறியாதீர்கள். உள்ளே வண்டு இருந்தால் அதோடு சேர்த்து ஒரு சிறு டப்பாவில் போட்டு, வண்டியின் வகையையும் தேதியையும் ஊரையும் எழுதி, அருகிலுள்ள வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையிடம் கொடுங்கள். எந்த வண்டு, எந்த மாதத்தில், எந்த வகை ரப்பரைத் துளைக்கிறது என்று தெரிந்தால்தான் அதைத் தடுக்கும் குழாயைச் செய்ய முடியும். அந்த அறிவு முதலில் கிடைக்கக்கூடிய இடம் உங்கள் பட்டறைதான்.